கதவைத் திறக்காத வாரம்

வருஷத்தில் நான்கு வாரம் என் வீட்டு வாசல்மணி அடித்தால் நான் லேசில் கதவைத் திறப்பதில்லை. கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாக யாரென்று பார்ப்பேன். தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரி என்றால் திறப்பேன். முன்பின் தெரியாத முகம் என்றால், செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் அப்படியே நிற்பேன். கண்டனூரில் பிறந்தவள் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும்தான் கேட்டுக்கொள்கிறேன். வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைத்தேன் என்று அம்மா காதில் விழுந்தால், கடல் தாண்டி வந்தாவது என் காதைத் திருகுவாள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நான் இருக்கும் மாநிலத்தில், மனம் சரியில்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்லும் சைக்காலஜிஸ்ட் எவரும் அரசாங்க உரிமம் வாங்கித்தான் தொழில் செய்ய வேண்டும். அந்த உரிமத்தைக் கொடுக்கவும் பறிக்கவும் ஒரு வாரியம் இருக்கிறது. கவர்னர் நியமிக்கும் ஏழு பேர் அதில் உட்காருவார்கள். ஆறு பேர் இதே தொழிலில் இருப்பவர்கள். ஏழாமவர் இந்தத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடிமகன். ஒரே தொழில்காரர்கள் மட்டும் கூடி உட்கார்ந்தால் ஒருவர் தப்பை ஒருவர் போர்வை போட்டு மூடிவிடுவார்கள் என்று இவர்களுக்கு ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டம். கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். இப்போது அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து உரிமம் கேட்டவளும் நான்தான்.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததே என் தாய்மாமனால்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் மாமா திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். வயலுக்குப் போக மாட்டார், சாப்பிடக் கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பார். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மனோதத்துவ நிபுணர் என்று பெயர்ப் பலகை மாட்டியிருந்தார். என்ன படித்தார், எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு அந்தத் தகுதியைக் கொடுத்தது பலகை எழுதிய பெயின்டர்தான். ஒன்றரை மாதம் ஊசி போட்டார். மாமாவுக்குப் பேச்சு திரும்பவில்லை, கை நடுக்கம்தான் வந்தது. மண்வெட்டி பிடித்த கை, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் இலையில் சிந்தியது. அத்தைதான் கடைசிவரை ஊட்டிவிட்டாள். போலீசுக்குப் போவதெல்லாம் அப்போது கௌரவக் குறைச்சல். நியாயம் கேட்டு அப்பா ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரிடம் போனார். மூவரும் ஒரே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த நிபுணர் இன்னும் நான்கு வருஷம் அதே மாடியில் ஊசி போட்டார்.

அந்த ஆத்திரத்தில்தான் நான் படித்தேன். மதராஸில் பட்டம், பிறகு இங்கே ஆராய்ச்சிப் பட்டம். ஓர் அரசாங்க மனநல ஆஸ்பத்திரியில் தற்காலிக அனுமதியோடு வேலை கிடைத்தது. அனுமதி முடிய ஒரு மாதம் இருந்தபோது வாரியம் என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. உரிமம் கிடைக்காவிட்டால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை அம்மாவுக்கு எழுதியது என் தப்பு. பதில் உடனே வந்தது. 'முடிவு சொல்லப்போற பெரியவுகளை முன்கூட்டியே வீட்டுல போய்ப் பாத்துரு. போகாட்டி திமிருன்னு நினைப்பாக. வெறுங்கையோட போகாதே.' கடிதத்தோடு, யாரோ இந்தப் பக்கம் வந்தவர் மூலமாக ஒரு பிஸ்கட் டின் நிறையத் தேன்குழலும் சீப்புச் சீடையும் வந்து சேர்ந்தன.

எங்கள் ஊரில் இது லஞ்சம் இல்லை, ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சைக்கு முன்னால் வாத்தியாரையும், பெண் பார்க்கும் முன்னால் பங்காளிகளையும், வழக்குக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லும் ஊர் அம்பலத்தையும் போய்ப் பார்க்காமல் இருப்பதுதான் குற்றம். ஆகவே கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, பட்டுப்புடவைமேல் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு வாரியத் தலைவர் வீட்டு மணியை அடித்தேன். வெள்ளைத் தலை, நெட்டை மனிதர். யாரென்று சொல்லி டின்னை நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இதை வாங்க முடியாது, நீங்கள் இங்கே வந்திருக்கவே கூடாது என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் ஊரிலும் எந்த வீட்டில் முதல் தடவையே கை நீட்டி வாங்கினார்கள்? ரெண்டு தடவை வேண்டாம் என்பார்கள், நாம் வைத்துவிட்டு வருவோம். டின்னைக் கதவோரத்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் கும்பிட்டு வந்துவிட்டேன். காரியம் நல்லபடியாக நடந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். என்ன சொல்ல, பட்டம் வேறு, புத்தி வேறு.

மறுநாள் காலை கூட்டம் தொடங்கியதும் தலைவர் அதே டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார். விண்ணப்பதாரர் நேற்று என் வீட்டுக்கு வந்து இதை விட்டுச் சென்றார், இவர் விஷயத்தில் நான் பேசவும் மாட்டேன், வாக்களிக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்மேல் நல்ல அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அரசாங்க வக்கீல் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, உரிமம் கேட்பவருக்கு நன்னடத்தை வேண்டும் என்ற வரியை வாசித்தார். ஓர் உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாக்கை விலைக்கு வாங்கப் பார்த்தீர்களா என்று கேட்டார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "தேன்குழலுக்கு விலைபோகிறவரா உங்கள் தலைவர்?" என்று கேட்டுவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சுருக்கெழுத்துக்காரி அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த ஏழாவது நாற்காலியில் மார்த்தா என்று ஓர் அம்மாள் இருந்தாள். பால்பண்ணை வைத்திருப்பவள், சிவந்து காய்த்த கை. அதுவரை வாயே திறக்காதவள் மெதுவாகக் கேட்டாள்.

"உங்கள் ஊரில் இப்படிப் போய்ப் பார்த்தால், பார்க்கப்பட்டவர் பிறகு என்ன செய்வார்?"

ஒன்றும் செய்ய மாட்டார், இது வெறும் மரியாதை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அப்பா நியாயம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாள் கண்முன்னே வந்து நின்றது. பெரியவர் சொன்னதை அம்மாவிடம் வரி பிசகாமல் ஒப்பித்தார் அப்பா. 'அந்த ஊசிக்காரரு தங்கமான மனுசரு. நேத்துக்கூட வீடு தேடி வந்து, பழந்தட்டு வச்சு, மருவாதையாப் பேசிட்டுப் போனாக. நீக ஏன் இப்படி மல்லுக்கு நிக்கிறீக?' மூன்று வீட்டிலும் அதே பழந்தட்டு. என் மாமன் கையை நடுங்க வைத்தவனுக்கும் எனக்கும் ஒரே வழக்கம். அவன் எடுத்துப்போன தட்டைத்தான் நான் டின்னில் எடுத்துப் போயிருந்தேன். அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். வேறு நாட்டு வழக்கம் என்று விட்டுவிட்டிருப்பார்கள். ஆனால் என்னால் முடியவில்லை. மாமாவின் கதையை முழுக்கச் சொன்னேன். பெயர்ப் பலகை, ஊசி, சோறு சிந்திய இலை, மூன்று பழந்தட்டு, ஒன்றையும் விடவில்லை. முடிவில், "அந்த மூன்று பேரில் ஒருவராவது இன்று உங்கள் தலைவர் எழுந்து போன மாதிரிப் போயிருந்தால், அந்த ஊசி என் மாமாவோடு நின்றிருக்கும்" என்றேன். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று மார்த்தாவுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு என் படிப்பைப்பற்றி ஒரு மணி நேரம் துளைத்தார்கள். பகிரங்கமாகக் கை தூக்கி வாக்களித்தார்கள். நான்கு பேர் சரி, இரண்டு பேர் கூடாது. மார்த்தாவின் கை முதலில் உயர்ந்தது. உரிமத்தோடு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் என் ஃபைலில் ஏறியது. டின்னைத் திறக்காமலே நம்பர் ஒட்டி அலமாரியில் பூட்டினார்கள். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் தின்ற பலகாரம், அம்மா சுட்டதை மட்டும் அரசாங்கம் காவல் காத்தது.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மணி அடித்தது. கண்ணாடி வழியே பார்த்தால் பட்டுப்புடவை, மேலே குளிர்க்கோட்டு, கையில் டின். யாரென்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டேன். தேவகோட்டைப் பெண், என் ஆறு வருஷத்துக்கு முந்தைய நிலைமை அப்படியே அவளுக்கு. அவள் விண்ணப்பம் அந்தக் கூட்டத்தில்தான் வருகிறது.

"கதவைத் தொறங்கக்கா. நம்ம ஊருக்காரவுக ஒருத்தர் இருக்கீகன்னு கேட்டதும் எனக்கு உசிரே வந்துச்சு."

அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! தாழ்ப்பாளுக்கு என் கை போய்விட்டது. பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"டின்னை எடுத்துக்கிட்டுப் போயிரு தாயி. என்னைய நீ பாக்காம இருக்கிறதுதான் உனக்கு நல்லது."

எங்கள் ஊர்ப் பெண் என்ன செய்வாளோ அதையே அவளும் செய்தாள். டின்னைப் படியில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனாள். எடுத்தபோது மூடி வழியாக நெய் வாசம் வந்தது.

கூட்டத்தில் டின்னை மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். எதிரே அவள் முகம் வெளுப்பதைப் பார்க்காமல் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நான் உள்ளே இருந்து கை தூக்கினால், டின்னுக்குக் கிடைத்த உரிமம் என்றுதான் பேசுவார்கள். என் ஊர்ப் பெண்ணுக்கு இந்த நாட்டில் நான் செய்யக்கூடிய ஒரே உதவி அதுதான் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை புரியவில்லை. கதவு திறந்தது. அவள் கையில் உரிமக் காகிதம் இருந்தது. என்னைத் தாண்டிப் போனாள், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாக, என் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் என் நாற்காலி காலியாக இருப்பது தெரிந்தது. உள்ளே கூப்பிடும்வரை நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.