நாற்காலியில் வந்த வெள்ள எச்சரிக்கை

வெள்ளத்தில் இறங்காதே என்று உங்களுக்குப் புத்தி சொல்பவர் உங்கள் தோள்மேலேயே உட்கார்ந்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கொல்லிமலையில் பைல் நாடு என்னும் ஊர்ப்பகுதியைச் சேர்ந்த அப்பாசாமி செய்ததைச் சொல்கிறேன்.

அவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் சாமைக்காடும் சில மிளகுக் கொடிகளும் உண்டு. வலது தோள் மட்டும் சொந்தமில்லை. அது சர்க்காருடையது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறும் அதிகாரி எவரும் நடப்பதில்லை. மூங்கில் கழிகளில் கட்டிய நாற்காலியில் ஏறிக்கொள்வார். மலைக்காரர் நால்வர் சுமக்க வேண்டும். மாட்டேன் என்றவனுக்குப் போலீஸ் கச்சேரியில் பிரம்படி.

போன வருடம் ஐப்பசியில் அந்த நாற்காலியைச் சுமந்து ஓடையைக் கடந்தபோது, அப்பாசாமியின் தம்பி சின்னுசாமி கால் வழுக்கி வெள்ளத்தோடு போனான். மேலே இருந்தவர் பாறையைப் பிடித்துத் தப்பினார். ஆத்தா பலி கேட்டாள் என்றார் பூசாரி. அஜாக்கிரதை என்று எழுதியது போலீஸ். தெய்வத்துக்கும் சர்க்காருக்கும் கண்ணில் ஒரே கோளாறு: இருவருக்கும் நாற்காலி தெரிவதில்லை.

சின்னுசாமியின் மனைவி பாப்பாயி, வெள்ளம் வரும்போது சுமையோடு இனி அந்த ஓடையில் இறங்கக் கூடாது என்று அப்பாசாமியிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

இந்த வருடம் போலீசுக்கு மக்கள் சேவையில் ஆசை பிறந்தது. வெள்ளத்திலிருந்து உயிரைக் காப்பது எப்படி என்று மலைமக்களுக்கு விளக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். எதில் வந்தார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். போகும்போது ஓடையில் கணுக்காலளவுதான் தண்ணீர், அப்பாசாமி சுமந்தார்.

இன்ஸ்பெக்டர் நன்றாகவே பேசினார். தண்ணீர் சிவந்து வந்தால் இறங்காதீர்கள், தோளில் பாரத்தோடு கால் வைக்கவே வைக்காதீர்கள், வடியும்வரை கரையில் காத்திருங்கள், எந்த வேலையும் உயிரைவிடப் பெரிதல்ல என்றார். அத்தனையும் உண்மை. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே மேல்முகட்டில் மழை கொட்டியது.

திரும்பும்போது ஓடை செக்கச்செவேலென்று புரண்டது. அப்பாசாமி கரையிலேயே நாற்காலியை இறக்கினார். மற்ற மூவரும் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள்.

"ஏண்டா எறக்கினே?"

"நீங்க சொன்னபடிதானுங்க. தண்ணி சிவந்திருக்குது. தோள்ல பாரம் ஆகாதுன்னீங்க."

"யாருடா பாரம்? நானா?"

பின்கழி சுமந்த ராசு, இன்னும் நிறுத்துப் பார்க்கலீங்க என்றான்.

இன்ஸ்பெக்டர் பிரம்பை எடுத்தார். அந்தப் புத்திமதி ஊர்க்காரருக்கு, நாற்காலிக்கு அல்ல என்று விளக்கினார். அப்பாசாமி முதுகைக் காட்டி நின்றார்.

"அடிங்க சாமி. அடிச்சா தோலு உரியும். எறங்குனா உசுரு போகும். தம்பி போயிட்டானுங்க."

அடி விழுந்தது. தண்ணீர் வடியவில்லை.

அன்றிரவு ஊருக்கே திரும்பித் தங்கிய இன்ஸ்பெக்டருக்குச் சோறு போட்டவள் பாப்பாயி. சாமைச்சோறும் கிழங்கும் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, இந்தப் புத்தியைப் போன வருசம் நாற்காலியில வந்தவருக்கு ஆரும் சொல்லலீங்களா?"

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

விடிந்ததும் வெள்ளம் வடிந்திருந்தது. முந்தின நாள் தாம் சொன்ன புத்திமதி இன்னும் காதில் இருந்ததோ என்னவோ, அப்பாசாமியின் கையைப் பிடித்து அவர் நடந்தே ஓடையைக் கடந்தார். அதிகாரிக்கும் கால்கள் உண்டு என்பதைப் பைல் நாட்டார் அன்று கண்டார்கள்.

கீழே இறங்கியதும் உத்தரவை மீறினான் என்று அப்பாசாமியைப் போலீஸ் கொட்டடியில் அடைத்து வைத்தார்கள். போலீசின் அறிவுரையைப் பின்பற்றியதால் இவ்வாண்டு மலையில் உயிர்ச்சேதம் இல்லை என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பின்பற்றியவன் எங்கே இருக்கிறான் என்பது மட்டும்தான் இல்லை.

அவர் இப்போது வெளியே வந்துவிட்டார். நாற்காலியும் காரவள்ளியில் பத்திரமாக இருக்கிறது. தாசில்தாரோ, டாக்டரோ, மலை பார்க்கப் போகும் வக்கீலோ, நீங்கள் யாராயினும் அதை உங்கள் முன் கொண்டுவந்து வைப்பார்கள். ஏறாதீர்கள். அந்த நால்வர் எதிரிலேயே கழிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு நடங்கள்.