பூஜைக்கு அணைத்த கணினி

எங்கள் அலுவலகத்தில் இந்த வருடமும் ஆயுத பூஜைக்கு மடிக்கணினிகளை வரிசையாக வைத்து, மூடிமேல் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். எல்லோரும் பொரிகடலைக்கு முந்த, நான் மட்டும் "எல்லாத்துக்கும் நகல் எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். வருடா வருடம் கேட்பேன். வயதானால் வரும் வியாதி என்று கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சந்தன வாடைக்கு எனக்குப் பக்தி வருவதில்லை, பழைய கேட் கணினி ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில்தான் என் முதல் வேலை. திருவள்ளூரிலிருந்து பஸ் மாறிப் போவேன். கணினி ஆள் என்று பெயர். பிரிண்டருக்குத் தாள் போடுவதிலிருந்து மேனேஜரின் மவுஸைக் கவிழ்த்துத் துடைப்பது வரை எல்லாம் நான்தான். அந்த வருடப் பொங்கலுக்குப் பிறகு, கேட்டில் இருந்த வருகை நோட்டை எடுத்துவிட்டு, சி மொழியில் நான் எழுதிய நிரலை வைத்தார்கள். உள்ளே வரும் ஆளின் எண்ணை வாட்ச்மேன் தட்டினால், தேதி நேரத்தோடு ஒரு வரி கோப்பில் போய் உட்காரும்.

"இனிமே நோட்டு எதுக்கு நைனா, அதான் பொட்டி இருக்குதே" என்றார் மேனேஜர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சி மொழியில் ஒரு கோப்பைத் திறக்கும்போதே எதற்குத் திறக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். படிக்கவா, புதிதாக எழுதவா, இருப்பதன் கடைசியில் சேர்க்கவா? புதிதாக எழுத என்று சொன்னால், உள்ளே என்ன இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் கையில் கொடுக்கும். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது. சோதித்துப் பார்த்த நாட்களில் எனக்கு அது வசதியாக இருந்தது, ஒவ்வொரு முறையும் சுத்தமான கோப்பு கிடைத்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்தும் போனேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. பேட்டரி வாங்க வைத்தேன், எழுதிய வரி உடனுக்குடன் வட்டில் இறங்கும்படி செய்தேன். ஒருமுறை ஓடவிட்ட நிரல் ஒன்பது மாதம் நிற்கவே இல்லை. அதனால் கோப்பை மறுபடி திறக்கும் வேலையும் வரவில்லை.

எஸ்தரக்கா பேக்கிங்கில் காண்ட்ராக்ட் ஆள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். அவர்களுடைய காண்ட்ராக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர்களை எடுத்துவிட்டுப் புது ஆள் சேர்த்ததுபோல எழுதுவார். அப்படி எழுதினால் யாரும் தொடர்ந்து வேலை பார்த்ததாக ஆகாது. கேட் கோப்பு மட்டும்தான் உள்ளதைச் சொன்னது. பூஜை முடிந்ததும் அதைப் பார்த்து, விடாமல் வந்தவர்களை நிரந்தரம் செய்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா கேட்பார்.

"நான் வர்றது அதுல ஏறிக்கினு இருக்குதா சார்?"

"ஏறுதுக்கா."

பூஜைக்கு முதல் நாள் எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைப்பது வழக்கம். கேட் கணினியும் மிஷின்தானே. நானே அணைத்துக் கொடுத்தேன். எஸ்தரக்கா ஈரத்துணியால் துடைத்தார். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. நான் பொட்டு வெச்சா பரவால்லியா?" என்று கேட்டுவிட்டு, குங்குமத்தையும் அவரே வைத்தார்.

லீவு முடிந்த காலை நிரலை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் பட்டியல் கேட்டார். கோப்பில் அன்று காலை உள்ளே வந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். நகல் எடுக்க ஃப்ளாப்பி கேட்டு நான் எழுதிய கடிதம் ஸ்டோரிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா ஆச்சு?"

என்ன ஆயிற்று என்பது எனக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. மறுபடி ஓடவிட்டதும் நிரல் கோப்பைப் புதிதாக எழுதத் திறந்து, பழையதையெல்லாம் துடைத்திருந்தது. "தெரியல சார், பார்க்கணும்" என்றேன். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன், "ஈரத்துணி போட்டு தொடச்சாங்க சார்" என்றார். மேனேஜர் தலையாட்டினார்.

மதியம் எஸ்தரக்கா வந்தார். அவரோடு சேர்த்துப் பேக்கிங்கில் எல்லோருடைய நாட்களும் போயிருந்தன. யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தண்ணி உள்ள பூட்ச்சு போல சார். நல்லா புழிஞ்சிதான் தொடச்சேன். உங்களுக்கும் பேஜாராயிடுச்சு. மனசுல வெச்சிக்காதீங்க."

"பரவால்லக்கா" என்றேன். என் வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான் காரணம். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அன்றைக்கே நிரலைத் திருத்தினேன். ஒரு நிமிட வேலை. நாட்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அடுத்த பொங்கலுக்குள் அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டார்.

இப்போது அந்த ஃபவுண்டரி இல்லை, அந்த இடத்தில் ஒரு கிடங்கு இருக்கிறது. கேட்டில் முகத்தைக் காட்டினால் கேமராவே பதிந்துகொள்கிறதாம். ஃப்ளாப்பி என்றால் என்னவென்று எங்கள் அலுவலகப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆரம்பாக்கத்தில் இறங்கி விசாரித்தால் எஸ்தரக்காவின் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வழியாக ரயிலில் இரண்டு முறை போயிருக்கிறேன், இறங்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்த ஒன்பது மாதத்தை அழித்தது இன்றைக்கும் அவருடைய ஈரத்துணிதான்.