சுமதி மாற்றிய பசை

போன வாரம் சிங்காநல்லூரில் ஒரு சின்னப் பட்டறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கு? என் கண்ணெதிரே ஒருவர் புத்தம்புதுக் கைப்பையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்!

பட்டறை என் மனைவியின் தங்கை சுமதியுடையது. பவானி ஜமக்காளத்தையும் தோலையும் ஒட்டிப் பை செய்கிறாள். பிய்த்தவர், ஆர்டர் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த ஏற்றுமதியாளர்.

விஷயம் சில மாதங்களுக்கு முன்பே ஆரம்பித்தது. பசை ஒட்டும் மேஜையில் இருக்கும் ஸ்டெல்லாவுக்கு, தின்னர் கலந்த பசையின் நெடியால் ஓயாத தலைவலி, இருமல். அந்த வேலையே வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர்.

"நான் நின்னுக்கறேனுங்க அக்கா. வேற ஆளப் பாத்துக்குங்க."

"வர்ற ஆளுக்கு மட்டும் நெடி அடிக்காதா அம்மணி? இரு, பசைய மாத்திப்போடலாம்!" என்றாள் சுமதி.

தண்ணீரில் கலந்த பாலியூரிதேன் பசை வந்து இறங்கியது. பால் மாதிரி வெள்ளை. பழைய நெடி இல்லை. ஆனால் பழைய பசைக்குச் செய்வதுபோல் அவசரமாக ஒட்டியதில்... மறுநாள் அத்தனை பைகளும் வாயைப் பிளந்து கிடந்தன!

"பேசாம பழசுக்கே போயிடேன்" என்றேன் நான்.

"ஸ்டெல்லாவ அனுப்பிப்போட்டுங்களா மாமா?"



சுமதியும் ஸ்டெல்லாவும் துண்டுத் தோலில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார்கள். ஒருவழியாகப் பிடிபட்டது — ஈரம் போய், வெள்ளை மறைந்து, பசை கண்ணாடிபோல் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு சூடு காட்டி அழுத்தினால்... அப்படியே பிடித்துக்கொள்கிறது!

அப்படிச் செய்த பைதான் இப்போது சென்னைக்காரர் கையில். இழுத்தார். முறுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓர் இழுப்பு...

சர்ர்ர்!

சுமதியின் முகம் வெளுத்துவிட்டது. இந்த ஆர்டர் போனால் திரும்பவும் பழைய பசைதானே?

ஸ்டெல்லாதான் பையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க... தோலுதானுங்க கிழிஞ்சிருக்குது! ஒட்டுன எடம் அப்படியே இருக்குதுங்க!"

வந்தவர் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டார். "ஆர்டர் உங்களுக்குத்தாம்மா. தோலை மட்டும் கொஞ்சம் தடிமனா போடுங்க!"

ஆளை மாற்றுவது சுலபம். பசையை மாற்றுவதற்குத்தான் மெனக்கெட வேண்டும். எத்தனை முதலாளிகள் மெனக்கெடுகிறார்கள், சொல்லுங்கள்?

வந்தவர் என்னை யாரென்று கேட்கவே இல்லை. நானாகவே முன்னால் போய்ச் சொன்னேன் — "சுமதியோட மாமாங்க நான்!"