காரணம் எழுத ஒரு கட்டம்

நான்கு பேருக்கு ஆறு மாதம் பணம் கட்டி, நான்கு நாளில் முடிகிற வேலையை வாங்கியவர்கள் நாங்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பாதி எரிச்சல் அண்ணன் மேல், மீதி என் மேல்.

திருத்துறைப்பூண்டியில் அண்ணனும் நானும் நெல் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுகிறோம். ஐந்து மெஷின். டிரைவர், டீசல், பெல்ட் அறுந்தால் வரும் சண்டை எல்லாம் அண்ணன் பாடு. ஃபோன், நோட்டு, கணக்கு என் பாடு. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் ஃபோன் கீழே வைக்க விடாது. வருகிற அழைப்பெல்லாம் ஒரே கேள்விதான், "மெஷின் எப்பங்க வரும்?" நான் நோட்டைப் பார்த்து ஒரு கிழமை சொல்வேன். அண்ணன் வயலில் நின்றுகொண்டு வேறு யாருக்கோ அதே கிழமையைச் சொல்லியிருப்பார். பிறகு நான் ரப்பரை எடுத்து அழிப்பேன்.

அப்படி அழித்ததில் ஒரு தையில் ஓர் அக்காவின் பயிர் போயிற்று. கடைமடையில் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சம், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். கணவர் மலேசியாவில் லாரி ஓட்டுகிறார். செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்தேன். திங்கள் இரவு ஒரு பெரிய மிராசுதாரர் அண்ணனைக் கூப்பிட, செவ்வாய் வெள்ளியாயிற்று. வியாழன் மழை கொட்டியது. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து, ஈரம் வடிந்து ஒரு வாரம் கழித்து மெஷின் போய்ச் சேர்ந்தபோது பாதி நெல் முளைவிட்டிருந்தது.

அந்த அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தார். அழவில்லை. என் மேசையில் கிடந்த ரப்பரை எடுத்துப் பார்த்தார்.

"நோட்டுல எழுதுனத அழிக்க ஒங்ககிட்ட ரப்பர் இருக்கு. எங்கிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த வருடம் உங்கள் முறை எத்தனையாவது என்று உங்கள் ஃபோனிலேயே தெரியும், யாரும் நடுவில் நுழைய முடியாது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் நம்பவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது, செயலி வேண்டும். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. அவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். முழு வேலைக்கும் ஒரே விலை பேசலாம். அல்லது நமக்கென்றே நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை ஒதுக்குவார்கள். மாதாமாதம் இத்தனை மணி நேரம் என்று கணக்கு, மாதக் கட்டணம், அந்த நேரத்தில் என்ன செய்யச் சொன்னாலும் செய்வார்கள்.

நான் முதல் வழிதான் நல்லது என்றேன். அண்ணன் கையை வீசினார்.

"மொத்தமாப் பேசுனா அரகொறயா முடிச்சுட்டுக் கெளம்பிருவான். காண்ட்ராக்ட் நடவு பாத்ததில்லயா நீ? மாசத்துக்கே பேசு. நாலு பேரும் நம்ம ஆளு."

சரி என்று நான் பட்ஜெட் போட்டேன். பி.காம் படித்தவள், பெருமையாகவே போட்டேன். நான்கு பேருக்கு ஆறு மாதக் கட்டணம், ஆடியிலிருந்து மார்கழி வரை. சர்வர் வாடகை, குறுஞ்செய்திக் கட்டணம், வரி, எதிர்பாராத செலவு, கடைசியில் 'இதர'. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது, ஏனென்றால் தையில் டீசலுக்கும் பெல்ட்டுக்கும் பணம் வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நான் போடவே இல்லை, அது எங்கள் நேரம். அவர்கள் கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்ல எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நாற்றுக் கட்டுகளை வயலில் போடாமல் நடவு ஆட்களை வரவழைத்து வரப்பில் நிற்க வைப்பதற்குச் சமம் அது. டெல்டாவில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போனதுதான் கொடுமை.

ஆவணியில் அண்ணன் கும்பகோணம் போனார். முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்கப் போனவர், நம்ம ஆட்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று மாடி ஏறியிருக்கிறார். பகல் பதினோரு மணி. ஒருவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாராம். ஒருவர் காபி குடித்தாராம். இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்த அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"சும்மா ஒக்காந்துருக்கானுவ! நாலு பேருக்கும் மாசம் பொறந்தா அளக்கறோம், சும்மா ஒக்காந்துருக்கானுவ!"

எங்கள் பக்கத்தில் கூலிக்கு வந்த ஆள் சும்மா நிற்பதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடவு ஒரு மணி நேரம் முன்னால் முடிந்தால் "அந்த வரப்ப செதுக்கிட்டுப் போங்க" என்பார்கள். வரப்பும் சுத்தமாக இருந்தால் வாய்க்காலில் கோரை பிடுங்கச் சொல்வார்கள். அண்ணன் இதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மென்பொருள் குழுவிடம் காட்டத் தொடங்கினார்.

முதலில் செயலியில் மழை நிலவரம் தெரிய வேண்டும் என்றார். அது முடிந்ததும் நெல் விலை. பிறகு நெல் ரகங்களின் படங்கள், டிரைவர்களின் ஃபோட்டோ, அவர்கள் எந்த ஊர் என்ற விவரம். செயலியைத் திறந்தால் கோயில் மணி அடிக்க வேண்டும். திரையில் ஒரு மெஷின் இடமிருந்து வலமாக ஓட வேண்டும், ஓடும்போது பின்னால் வைக்கோல் விழ வேண்டும். அந்த வைக்கோல் விழுவதற்கு மட்டும் இரண்டு பேர் ஒன்பது நாள் வேலை பார்த்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவர்கள் அனுப்பும் மணிக்கணக்கில் அது இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைக் கணக்கின் அடியில் ஆடியிலிருந்தே வாராவாரம் ஒரே ஒரு வரி வரும்: 'மெஷின் வரிசையை எந்த விதியில் முடிவு செய்வது? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.' நான் அதை அண்ணனுக்கு அனுப்புவேன். "பாத்து சொல்றேன்" என்பார். அடுத்த வெள்ளி மறுபடியும் அதே வரி. புரட்டாசி முழுக்கக் காத்திருந்தார்கள், ஐப்பசி முழுக்கக் காத்திருந்தார்கள். அண்ணன் அன்று மாடியில் பார்த்த சும்மா இருப்பு எதனால் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்ட கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லாததால் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்ததால் அண்ணன் வைக்கோல் விழச் சொன்னார். வைக்கோல் விழ வைப்பதில் மும்முரமாக இருந்ததால் கேள்வி அப்படியே கிடந்தது. பணம் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் ஏன் பதில் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பதில் சொன்னால் விதி வந்துவிடும். விதி வந்துவிட்டால் திங்கள் இரவு ஃபோன் செய்கிற பெரிய மனிதருக்கு "ஆவட்டுங்க, அனுப்பிடறேன்" என்று சொல்ல முடியாது. அந்த ஒரு வார்த்தையில்தான் அவருடைய மதிப்பெல்லாம் இருக்கிறது என்று அவர் நினைத்தார். இது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வீணாகப் போன மணி நேரங்களை 'இதர' என்ற தலைப்பில் தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்த இதர, சர்வர் வாடகையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

கார்த்திகை கடைசியில் குழுத் தலைவி என்னைக் கூப்பிட்டார். சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர், முப்பது வயதிருக்கும். ஐந்து மாதத்தில் அன்றுதான் அவர் குரலில் கோபத்தைக் கேட்டேன்.

"அக்கா, இன்னும் மூணு வாரத்துக்குத்தான் மணி நேரம் இருக்கு. சார் நேத்து மணிச் சத்தம் வேற மாதிரி வேணுங்கறாரு. ஒங்களுக்கு மெஷின் வரிசை வேணுமா, மணி வேணுமா? யாராச்சும் ஒருத்தரு சொல்லுங்க."

எனக்கு அந்த ஐந்து மா அக்காவின் முகம் தெரிந்தது. சொன்னேன்.

"எழுதிக்கங்க. முதல்ல பதிஞ்சவங்களுக்கு முதல்ல. ஆனா ரோட்டோர வயல் அறுக்காம உள் வயலுக்கு மெஷின் போவ வழி கெடையாது. அதனால முன்னாடி இருக்க வயலும் பின்னாடி இருக்க வயலும் சேந்தாப்புல ஒரே முறையில போவணும். அவ்வளவுதான்."

"இதுக்கா அக்கா அஞ்சு மாசம்?"

எனக்கு அவமானமாக இருந்தது. ஆமாம் என்றேன்.

"சார் நடுவுல மாத்தச் சொன்னா?"

யோசித்தேன். மெஷின் பழுதானால் வரிசையை மாற்றத்தான் வேண்டும். மாற்றவே முடியாது என்று பூட்டிவிடவும் முடியாது.

"மாத்தட்டும். ஆனா ஏன் மாத்துறோம்னு எழுதணும். அத வரிசையில இருக்கற எல்லாரும் பாக்கணும்."

மறுமுனையில் அவர் சிரித்தது கேட்டது. "காரணம் எழுத ஒரு கட்டம் வச்சிடறேன்க்கா" என்றார்.

நான்கு நாளில் முடித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் என் ஃபோனில் பட்டியல் ஓடியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த நான்கு நாளை ஆடியிலேயே வாங்கியிருக்கலாமே! தனியாக உட்கார்ந்து பட்ஜெட் தாளை ஒருமுறை படித்துப் பார்த்து, பெருமையாகப் போட்ட கட்டங்களை எல்லாம் திட்டித் தீர்த்தேன். மார்கழியில் சோதனை, திருத்தம் எல்லாம் போகக் கொஞ்சம் மணி நேரம் மிஞ்சியிருந்தது. அறுவடையில் ஏதாவது கெட்டால் சரிசெய்ய என்று அதைத் தைக்கு ஒதுக்கி வைத்தேன்.

தை வந்தது. எங்கள் மெஷினை நம்பியிருந்தவர்கள் கோயில் மணிச் சத்தத்தோடு செயலியைத் திறந்து பெயரைப் பதிந்தார்கள். அவர் பக்கம் போகும் மெஷினுக்கு ஐந்து மா அக்கா ஏழாவது. பதிந்த அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை எனக்கு ஃபோன்.

"ஏழுன்னு காட்டுது. நாளைக்கும் ஏழுதானே?"

"நாளைக்கு ஆறுங்க."

மறுநாள் ஆறு, அதற்கடுத்த நாள் ஐந்து. அவருக்கு ஆச்சரியம். எனக்கு அவரைவிட ஆச்சரியம்.

அவர் முறை இரண்டுக்கு வந்த அன்று கடலில் காற்றழுத்தம் என்று செய்தி சொன்னார்கள். கிழக்கே மூட்டம் போட்டிருந்தது. மதியத்துக்கு மேல் அதே மிராசுதாரர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் என் மேசைக்கு முன்னால் நின்றுதான் பேசினார். "ஆவட்டுங்க, நாளைக்குக் காலையில அனுப்பிடறேன்" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டுத் தன் ஃபோனில் செயலியைத் திறந்தார். மணி அடித்தது. வைக்கோல் விழுந்தது. வரிசையில் விரலை வைத்து மிராசுதாரரின் பெயரை மேலே இழுத்தார்.

கட்டம் வந்தது. 'மாற்றுவதற்கான காரணம். இது வரிசையில் உள்ள அனைவருக்கும் அனுப்பப்படும்.'

அண்ணன் ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். பக்கத்தில் பிடித்து இன்னொருமுறை படித்தார்.

"இது என்னம்மா கேக்குது?"

"ஏன் மாத்துறீங்கன்னு கேக்குதுண்ணே."

"என்னன்னு எழுதறது?"

"நடந்தத எழுதுங்க."

மெஷின் பழுது என்று எழுதலாம். ஆனால் மெஷின் பக்கத்து வயலில் ஓடிக்கொண்டிருப்பது எல்லோர் கண்ணிலும் படும். மிராசுதாரர் கேட்டார் என்று எழுதினால் இருபது பேர் ஃபோனில் அவர் பெயர் போகும், முதலில் அவருக்கே பிடிக்காது. அண்ணன் கட்டை விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் தலையைக் குனிந்து கணக்கு எழுதுவதுபோல் பாவனை செய்தேன். அவர் ஒரு பொய்யை எழுதிவிட்டால் நான் கொடுத்த வாக்கு போச்சு, அந்த அக்காவின் நெல்லும் போச்சு.

அவர் எழுதவில்லை. ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய், மிராசுதாரரைக் கூப்பிட்டு, "இல்லீங்க, அது கம்ப்யூட்டர் விடமாட்டேங்குதுங்க" என்று அரை மணி நேரம் சமாதானம் சொன்னார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு எனக்கு ஃபோன் வந்தது. மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "வந்துருச்சு! வயல்ல எறங்கிருச்சு!" என்று அந்த அக்கா கத்தினார். நானும் பதிலுக்கு என்னவோ கத்தினேன். அவர் நெல் மூட்டையாகி வீட்டு வாசல் போய்ச் சேர்ந்த பிறகுதான் மழை பிடித்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் நனைந்து வந்து உட்கார்ந்தார். டீ குடித்தார். மிராசுதாரர் இன்னும் கோபமாக இருக்கிறார் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தக் கட்டத்த எடுக்க எவ்வளவு நேரம் ஆவுமாம்? கும்பகோணத்துல கேட்டுப் பாரேன்."

என் முன்னால் பட்ஜெட் தாள் திறந்திருந்தது. செலவழிக்காத மணி நேரம் ஒன்பது மீதி இருந்தது.

"மணி நேரமெல்லாம் தீந்துபோச்சுண்ணே" என்றேன். அந்த ஒன்பதையும் எடுத்து 'இதர'வில் போட்டேன்.