கை மடிப்புக்குள் ஒரு சிட்டிகை திருநீறு

துபாய் சத்வாவில் எனக்குத் தையல் கடை. ஒருநாள், இங்கே பள்ளியில் பாடம் எடுக்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் பச்சைத் துணி கொடுத்து, தரை தொடும் அங்கி தைக்கச் சொன்னார். அவர் ஊரில் மரத்தையும் நிலாவையும் கும்பிடுகிறவர்களுக்கு அவர்தான் பூசாரியாம். லீவில் போய்க் கல்யாணமும் சாவுச் சடங்கும் நடத்தி வைப்பாராம்.

அவர் போனதும் எங்கள் கட்டிங் மாஸ்டர் முருகேசன், "அண்ணே, சூனியக்காரியா இருக்கப் போறா. பாத்துத் தைங்க" என்றார்.

எங்கள் குலசாமியே வேப்பமரத்தடியில்தான் இருக்கிறது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தைத்தவனுக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாதே என்று, ஒரு சிட்டிகை திருநீற்றைத் துணியில் முடிந்து, இடது கை மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டேன்.

லீவு முடிந்து வந்தவர், தோளில் தையல் விட்டுப்போன அங்கியோடு கடைக்கு வந்தார். கை மடிப்பில் இருந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"மாஸ்டர், எங்க அம்மா இறந்துட்டாங்க. சடங்கை நானேதான் நடத்தினேன். கை நடுங்கினப்பல்லாம் இதைத்தான் பிடிச்சுக்கிட்டேன். என்ன வேண்டிக்கிட்டு இதை வச்சீங்க?" என்று மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும்னு, மேடம்."

அது பொய் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவர் போனபிறகு அந்தக் கை மடிப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரிடம் சொன்னதையே சாமியிடமும் சொன்னேன். அப்புறம்தான் தோளைத் தைக்க உட்கார்ந்தேன்.