ஆமத்தூரில் ஒரு வாசல் சோதனை

சிவகாசி பஸ்ஸுக்காக ஆமத்தூரில் நிற்கிறேன். எதிரே 'மனமகிழ் மன்றம்' என்று புதுப் பலகை. உள்ளே மது விற்கிறார்கள். வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை மறிக்கிறார். பெயர் குருசாமி. பட்டாசு கம்பெனி வாசலில், கையைத் தூக்கி நிற்கிற ஆட்களிடம் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து உள்ளே விடுவது அவர் வேலை. இன்று லீவு போட்டிருக்கிறார்.

"மெம்பர் கார்டு இருக்கா? மெம்பருக்கு மட்டும்தான் ஊத்தணும்னு இவுக லைசென்ஸ்லயே இருக்கு" என்கிறார். வந்தவர் திரும்பிப் போகிறார்.

எதற்கு இந்த வம்பு என்று கேட்கிறேன்.

"பள்ளிக்கூடத்துப் பக்கம் கூடாதுன்னு போராடி, இங்கன இருந்த டாஸ்மாக் கடையை எடுக்க வச்சோம். அதே கட்டடத்துல மன்றம்னு போர்டை மாட்டித் தொறந்துட்டாக. மன்றத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாதாம். வெடிமருந்து கலக்குறவன் கை நடுங்குனா, அது கடையில குடிச்சதா மன்றத்துல குடிச்சதான்னு மருந்து பாக்குமா சார்? சட்டத்தை மாத்தட்டும், எந்திரிக்கேன்."

பஸ் வருகிறது. நான் ஏறவில்லை.

மன்றத்து மேலாளர் கோபமாக வெளியே வருகிறார். "யோவ், வாசலை மறிக்க நீ யாருய்யா?"

குருசாமி எழுந்து அவருக்கு நேராகப் போய் நிற்கிறார். மேலாளரும் ஒரு காலத்தில் பட்டாசு வேலைக்குப் போனவராக இருக்க வேண்டும். அவரை அறியாமலே இரண்டு கைகளும் மேலே போகின்றன.