நட்டைப் பிடித்தது யார்

இது நடந்தது பட்டப்பகலில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுவிட்டாள் என்று கதையை முடிக்கத்தான் கேட்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. வெயில் கார் ஷெட்டின் வாசல்வரை வந்திருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. நான் விலங்கியல் படித்தவள். மூன்று வருஷம் ஃபார்மலின் வாடையில் நின்று தவளையும் எலியும் அறுத்தவள். அருவருப்பு எனக்கு அவ்வளவு சுலபத்தில் வராது.

அன்று வந்தது. இன்னும் போகவில்லை.

அண்ணன் ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தான். என்னைவிட வயதில் மூத்த வண்டி. நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சதுப்பு நிலத்துக்கு மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் அவன்தான் கூட்டிப்போவான். போன முறை சேற்றில் சிக்கிக்கொண்டோம். உதவிக்கு டிராக்டர் வந்தும் கயிறு கட்ட வண்டியில் இடமில்லை. பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் தனியாகப் போய்விடும். அன்றைக்கே அண்ணன் முடிவு செய்துவிட்டான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து இழுவைக் கொக்கி.

புதுக் கொக்கியின் விலையைக் கேட்டுவிட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போனான். ஏதோ லாரியிலிருந்து கழற்றிய கொக்கிகள் இரண்டைப் பொறுக்கி வந்தான். போல்ட்டுகள் மட்டும் புதுசு.

"கொக்கியில கஞ்சத்தனம் பண்ணலாம். போல்ட்ல பண்ணா உயிர் போயிடும்" என்றான்.

அது உண்மை. கயிறு விண்ணென்று இறுகியிருக்கும் நேரத்தில் கொக்கி பிய்த்துக்கொண்டால், அது கீழே விழாது. கயிறு போகும் திசையில் பறக்கும். இழுக்கிற வண்டியில் இருப்பவரின் முதுகில்தான் போய் நிற்கும்.

பின்கொக்கி காலையிலேயே முடிந்துவிட்டது. முன்னால்தான் சிக்கல். சேஸிஸ் நுனி பெட்டி மாதிரி நீளக் குழாய். அண்ணன் அதன் அடியில் இரண்டு துளை போட்டிருந்தான். போல்ட் கீழிருந்து மேலே ஏறும். நட்டு குழாய்க்குள்ளே இருக்க வேண்டும். உள்ளே யாராவது அதைத் திரும்பவிடாமல் பிடித்தால்தான் போல்ட் இறுகும்.

"உன் கைதான் போகும். பம்பருக்குப் பின்னால, குழாயோட பக்கவாட்டுல ஒரு ஓட்டை இருக்கும். வீடியோல பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாது, தடவிப் பாரு."

"ஸ்பேனர் விட முடியாதா?"

"முடிஞ்சா உன்னை எதுக்குக் கெஞ்சறேன்?"

அண்ணி ஷெட் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "உங்க வண்டிக்கு வாய் நாறுது. முதல்ல பல்லு தேய்ச்சு விடுங்க."

"கிரீஸ் வாடை அது. உனக்கென்ன தெரியும்?"

கிரீஸ் வாடை எனக்குத் தெரியும். இது வேறு. மூடியபடி மறந்துபோன டிபன் பாக்ஸை ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வருமே... அந்த வாடை. அதில் கொஞ்சம் ரத்தமும் கலந்த மாதிரி.

அண்ணன் வண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்தான். நான் வலப்பக்க முன்சக்கரத்தை ஒட்டிப் படுத்து, பம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். இரும்பு. மறுபடி இரும்பு. பிறகு ஓட்டை.

ஓரம் கூராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மழுங்கலாக இருந்தது. அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கியது. ரப்பர் வாஷர் போலிருக்கிறது என்று நினைத்து, நட்டோடு கையை உள்ளே செலுத்தினேன். மணிக்கட்டுவரை போனது.

உள்ளே ஈரம்.

மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் கொழகொழவென்று ஈரம். வெதுவெதுப்பு வேறு. காலையிலிருந்து எஞ்சினை யாரும் தொடவில்லை.

மேல்பக்கம் விரல் பட்டது. இரும்புத் தகடு வழவழப்பாக இருக்கும். இது வரிவரியாக, வளைந்து இருந்தது.

"போல்ட் வந்துதா?"

"வந்துது."

நட்டை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்போது என் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது அசைந்தது.

தடித்த சதை. மேலெல்லாம் சொரசொரப்பு. அது மெதுவாக எழுந்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை என் கையைத் தடவிப் பார்த்தது...

கையை உருவினேன். எதுவோ மணிக்கட்டைச் சுற்றிக் கீறியது. நட்டு என் விரலிலேயே ஒட்டி வந்துவிட்டது. அதிலிருந்து சளி நூல் நூலாகத் தொங்கியது. இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பம்பருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் ஸ்பேனர் ஓடிக்கொண்டிருந்தது.

கட்... கட்... கட்...

"ம், அப்படித்தான். நல்லா பிடிச்சிருக்க. விட்டுடாத."

"அண்ணா."

"இன்னும் ரெண்டு சுத்து."

"அண்ணா, நட்டு என் கையில இருக்கு."

"கையிலதான இருக்கணும்?"

"கை வெளிய இருக்கு."

ஸ்பேனர் நின்றது.

அண்ணன் எழுந்து வந்து என் கையையும் நட்டையும் பார்த்தான். திரும்பப் போய் ஸ்பேனரில் முழு பலத்தையும் போட்டு அழுத்தினான். போல்ட் அசையவில்லை. கல் மாதிரி இறுகியிருந்தது.

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "உள்ளயே கம்பெனிக்காரன் நட்டு வெல்டு பண்ணியிருப்பான். நல்லதாப் போச்சு போ."

இரண்டாவது போல்ட்டை யாரும் பிடிக்கவில்லை. அதுவும் இறுகியது.

சோப்புப் போட்டுக் கழுவினேன். மண்ணெண்ணெயில் கழுவினேன். மறுபடி சோப்பு. தண்ணீர் ஊற்றிய அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று இடது கையால் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வாய்கூட இறங்கவில்லை.

அன்று மாலையே, வெளிச்சம் இருக்கும்போது, போனில் கேமராவைப் போட்டு அந்த இடத்தில் நீட்டினேன். திரையில் கறுப்பு. பிறகு லென்ஸ் மங்கியது. தெளிந்தது. மங்கியது. தெளிந்தது.

என் மூச்சுதான் படுகிறது என்று நினைத்தேன். மூச்சை அடக்கினேன்.

மங்கியது. தெளிந்தது.

செவ்வாய்க்கிழமை சதுப்புக்குப் போனோம். மறுபடி சிக்கினோம். அண்ணனுக்கு அதில் சந்தோஷம்தான், கொக்கியைச் சோதித்துவிடலாம் அல்லவா. டிராக்டர் வந்தது. திடமான தரை எது என்று காட்ட அண்ணன் டிராக்டர்காரருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அவர்கள் இருவரின் முதுகும் எங்கள் கொக்கியைப் பார்த்தபடி. நான் ஜீப்பில், ஸ்டியரிங் பிடிக்க.

என்னால் உட்கார முடியவில்லை. இறங்கிப் போனேன்.

"அண்ணா, அதுல வேணாம். பின்கொக்கியில கட்டலாம்."

"பின்னால இழுத்தா தண்ணிக்குள்ளதான் போவோம்."

"அதுல நட்டு இல்லண்ணா."

டிராக்டர்காரர் திரும்பினார். "என்ன தம்பி, நட்டு இல்லைங்குது பாப்பா?"

"அதெல்லாம் இருக்குண்ணே. அவ நிழலைப் பார்த்தாலே பயப்படறவ."

புது ஆள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. உள்ளே ஒன்று இருக்கிறது, என் கையை நக்கியது என்று எப்படிச் சொல்வேன்? இரண்டு சாக்கைச் சேற்றில் முக்கிக் கயிற்றின் மேல் போட்டேன். பிய்த்துக்கொண்டால் பாரத்தில் கயிறு கொஞ்சமாவது தாழும். "குனிஞ்சாவது உட்காருங்கண்ணா" என்றேன். அவன் சிரித்தான். திரும்பி வந்து ஜீப்பில் ஏறினேன்.

கயிறு இறுகியது.

தரைத் தகடு என் காலடியில் நடுங்கியது.

வலது முன்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. நற... நற... நற...

இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் எனக்குத் தெரியும்.

இது அது இல்லை.

அந்த வாடை பெடல் இடுக்கு வழியாக ஏறி வந்தது. நான் அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலச் சட்டை. நடுவில் வியர்வைத் திட்டு.

ஜீப் அசைந்தது. ஏறியது. கரையில் நின்றது.

கயிறு தளர்ந்தது. அண்ணன் குதித்து இறங்கினான். "பார்த்தியா? நட்டு இல்லையாம், நட்டு..."

அவன் முடிக்கவில்லை.

மடக்.

வண்டியின் முன்பக்கத்திலிருந்து. யாரோ வாயில் ஊறியதை விழுங்கின மாதிரி. மூன்று பேருக்கும் கேட்டது.

டிராக்டர்காரர் கொக்கியிலிருந்து கயிற்றைக் கழற்றினார். நுனி ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார். புதுக் கயிறு. அதை அங்கேயே விட்டுவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகுதான், "நாளைக்கு வெல்டர்கிட்ட காட்டிடலாம். சரியா நட்டு வெச்சு அடிச்சிடச் சொல்லலாம்" என்றான்.

வெல்டர் பட்டறை மூன்று தெரு தள்ளி. அவர் பம்பரைக் கழற்றினார். சேஸிஸ் குழாயின் பக்கவாட்டில் கேஸ் கட்டரால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டி எடுத்தார். உள்ளே டார்ச் அடித்தோம். காய்ந்த துருத் தூள். பழைய சிலந்திவலை, கிழியாமல். இரண்டு போல்ட்டின் முனைகளும் மொட்டையாக நின்றன. நட்டு இல்லை. வெல்டு வைத்த தடம் எதுவும் இல்லை.

வெல்டர் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு போல்ட்டை லேசாகத் தட்டினார். விழுந்தது. இன்னொன்றையும் தட்டினார். கொக்கி அவர் காலடியில் 'ணங்' என்று விழுந்தது.

"இதுலயா டிராக்டர் வெச்சு இழுத்தீங்க?"

அண்ணன் வேறு எதையாவது பேச வேண்டும் என்பது போல, "எதுக்குண்ணே புதுசா வெட்டினீங்க? பக்கத்துலதான் ஓட்டை இருக்கே, இவ கை விட்டாளே" என்றான்.

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எந்த ஓட்டை? இந்த மாடலுக்குக் கிடையாது தம்பி. இதுக்கு அடுத்து வந்த வண்டிக்குத்தான் விட்டான். இது நாலு பக்கமும் மூடின குழாய். இல்லன்னா நான் எதுக்கு வெட்டறேன்?"

குனிந்து பார்த்தோம். அவர் வெட்டிய சதுரத்தைத் தவிர, நுனியிலிருந்து எஞ்சின்வரை ஒரே தகடு. மேலே அந்தக் காலத்துக் கம்பெனி பெயின்ட், கீறல்கூட இல்லாமல்.

"நீ எங்கம்மா கையை விட்ட?" என்று வெல்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வண்டிமேல் ஊன்றியிருந்த தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.